குசினி வீடு எது?

வாயைக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்குவதில் எனக்கு ஈடு கிடையாது என்று என் மனைவி சொல்வாள். பாளையங்கோட்டையில் கிடைக்கிற வம்பு போதவில்லை என்று இந்த வருஷம் இங்கிலாந்து வரைக்கும் போய் வாங்கி வந்தேன்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். காலையில் மழை, மத்தியானம் உருளைக்கிழங்கு, சாயங்காலம் மறுபடியும் மழை. எங்கள் வீட்டில் மீனும் கறியும் கிடையாது என்பதால் போன இடமெல்லாம் எனக்கு உருளைக்கிழங்கையே தந்தார்கள். எத்தனை விதமாகப் பிசைந்தாலும் அது உருளைக்கிழங்காகவே இருந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குள் இருக்கமாட்டாமல் நடக்கப் போனேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் திறந்து கிடந்த ஒரு மண்டபத்துக்குள் ஒதுங்கினேன்.

உள்ளே நாலைந்து வயசானவர்கள் ஏணி போட்டுச் சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் எல்லாம் இளவட்டங்கள். இரண்டாம் உலகப் போரில், கொழும்பிலிருந்து புறப்பட்டு மலாக்கா பக்கம் போய்த் திரும்பி வராத ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் ஆட்கள். பாதிப் பேர் அந்த ஊர்ப் பிள்ளைகளாம். வருஷா வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி அவர்கள் பெயர்களைப் படிப்பார்களாம். கடைசிச் சட்டத்தில் மட்டும் படம் இல்லை. கீழே எழுதியிருந்ததைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். ‘எஸ். குசினி, சமையல்காரர், புன்னக்காயல், இந்தியா.’

அங்கே பேசாமல் திரும்பியிருக்க வேண்டும். மார்கரெட் என்ற அம்மாள்தான் அதற்கெல்லாம் பொறுப்பு. அவருடைய சித்தப்பா அந்தக் கப்பலில் போனவர். “இந்த ஊர் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியுமாவா? தாமிரபரணி கடலில் சேருகிற இடம், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றேன். அதோடு விட்டேனா? தபால் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன், விலாசம் கண்டுபிடிப்பதுதான் என் தொழில் என்றும் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகவில்லை, தினமும் விடியற்காலையில் செல்போனில் செய்தி. ‘குடும்பத்தைக் கண்டுபிடித்தீர்களா? படம் கிடைத்ததா?’ நடுவில் நாற்பது பக்கத்துக்குப் பழைய காகிதங்களைப் படமெடுத்து வேறு அனுப்பியிருந்தார். போனில் எறும்பு எறும்பாகத் தெரிந்ததைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. “போய்த்தான் பாத்துட்டு வாங்களேன், வாக்குக் குடுத்தாச்சுல்லா” என்றாள் மனைவி. அவள் குரலில் இரக்கமே இல்லை.

முதல் நாள் பேருந்தில் ஏறி, “காயல் ஒண்ணு” என்றேன். நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம், ஆற்றுக் காற்று, தூங்கிவிட்டேன். எழுப்பி இறக்கிவிட்ட இடம் காயல்பட்டினம்.

“நான் புன்னக்காயலுக்குல்லா கேட்டேன்?”

“காயல்னுதான் கேட்டிய. காயல்னா இதாம்” என்று விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். முப்பத்திரண்டு வருஷம் விலாசம் படித்தவன் நான். பாதி விலாசம் எழுதுகிறவர்களை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்.

டீக்கடைக்காரர் துபாயில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர். “உக்காருங்க காக்கா, இதுக்கெல்லாம் போய் வெசனப்படலாமா” என்று, அந்த ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்காவாக்கி, சுடச்சுட வாடா என்ற பலகாரம் ஒன்றைக் கையில் வைத்தார். நல்ல மணம். கடிக்கப் போகும்போதுதான் உள்ளே இறால் இருப்பது தெரிந்தது. வைத்துவிட்டு இரண்டு வாழைப்பழம் தின்றேன். குசினி என்ற குடும்பத்தைக் கேள்விப்பட்டதுண்டா என்றதற்கு அவர் யோசித்துப் பார்த்தார். “எங்க ஊர்ல இல்ல. அங்க எல்லாம் பர்னாந்து, கொரைரா, மோத்தான்னு போர்ச்சுகீசுப் பேராத்தான் இருக்கும். அதுல ஒண்ணா இருக்கும், போய்ப் பாருங்க” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் மழை இறங்கிவிட்டது, புன்னக்காயல் போகிற வண்டி இந்தா வரும் அந்தா வரும் என்று மூன்று மணி நேரம் சொன்னார்கள். இங்கிலாந்தில் வண்டி வராது என்றால் வராது என்று பலகையில் போட்டுவிடுவார்கள். நம் ஊரில் அந்த மரியாதை கிடையாது. நனைந்த வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் ஆத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பாதி வழியில் சாலையும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீர். ஆட்டோ இருமிவிட்டு நின்றது. “சார்வாள், கோவிக்காண்டாம். எறங்கி ஒரு தள்ளு தள்ளுதியளா?” என்றார் டிரைவர். வாடகையும் கொடுத்து வண்டியையும் தள்ளிக்கொண்டு புன்னக்காயல் போய்ச் சேர்ந்தேன்.

கரையில் ஒருவர் படகு இஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, இங்க குசினி வீடு எது?” என்று கேட்டேன்.

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அந்தா, பந்தலுக்குப் பின்னால போங்க. இப்பந்தான் எறக்குதாவ. பைய போங்க, வழுக்கும்.”

எனக்கு ஒரே ஆனந்தம். கேட்ட முதல் ஆளே காட்டிவிட்டார் பாருங்கள் என்று மார்கரெட்டுக்குப் பெருமையாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் நடந்தேன். பந்தலுக்குப் பின்னால் கொட்டகை. கொட்டகைக்குள் மூன்று பெரிய அண்டா, புகை, கரண்டியோடு ஒரு பெண்மணி. அவர் பெயர் ரெஜினா என்பது பிறகு தெரிந்தது. என்னைக் கண்டதும் கேள்வி இல்லை, பதில் இல்லை, இலையைப் போட்டுச் சோற்றைக் கொட்டி மீன் குழம்பை ஊற்றிவிட்டார்.

“நான் சாப்பிட வரலம்மா. குசினி வீட்டைத் தேடி வந்தேன்.”

“இதாம் குசினி. பெறவு எங்கன போய்த் தேடுதிய?”

“இது அடுக்களைல்லா?”

“நீங்க அடுக்களைங்கிய, நாங்க குசினிங்கோம். கல்யாண வீட்டுச் சோறு வேண்டாம்னா சொல்லிட்டுப் போங்க, அதுக்கு ஏன் பேரைப் போட்டுக் கொழப்புதிய?”

அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். குசினி என்பது ஆள் பெயரே இல்லை. கடற்கரையில் சமையல்கட்டுக்கு அதுதான் பெயர். போர்ச்சுகீசுக்காரன் விட்டுவிட்டுப் போன சொல். கப்பலில் எவனோ ஒரு துரை பேனாவும் கையுமாக வந்து நீ யார் என்று கேட்டிருப்பான். இவர் பெயரையும் வேலையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். துரை வேலையைப் பெயராக எழுதிக்கொண்டு போய்விட்டான். எண்பது வருஷமாக இங்கிலாந்தில் அடுக்களை அடுக்களை என்று ஒரு மனுஷனை மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரெஜினாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மீன் குழம்பு இலையை எடுத்துவிட்டு வேறு இலையில் மோரும் சோறும் போட்டு, “என்ன கப்பல்னு சொன்னிய?” என்றார்.

“நீர்மூழ்கிக் கப்பல்.”

“அப்படின்னா?”

“தண்ணிக்குள்ள முங்கிப் போற கப்பல்.”

கரண்டி நின்றது. “முங்குத கப்பலா? முங்குத கப்பல்ல போனவன்னு ஒரு ஆளைச் சொல்லுவாவள்லா. எங்க ஊரு இல்ல. எங்க அம்மை பொறந்த ஊரு, இங்கன இருந்து கொஞ்ச தூரம். அவரு கொழும்புல ஒருத்தியோட ஓடிப்போயிட்டாருன்னு பேச்சு. மவ இன்னும் இருக்கா. நான் சொன்னேன்னு சொல்லிராதிய.”

அந்த ஊரின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த தடவை என்னை உள்ளே விடமாட்டார்கள். பெரிய ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஊர். கேட்கிற வெள்ளைக்காரனுக்குப் புரியட்டும் என்று அந்த மனுஷன் புன்னக்காயல் என்று சொல்லியிருப்பார். நான்கூட இங்கிலாந்தில் திருநெல்வேலி என்றால் விழிக்கிறார்களே என்று மதுரைப் பக்கம் என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அங்கே போனேன். அன்றைக்கும் மழை. ரெஜினா சொன்ன மகள் செபஸ்தியம்மாள். அவருக்கு எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ இருக்கும். கருவாட்டுக் கூடை தூக்கி ஊர் ஊராக விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். முதுகு இன்னும் நேராக இருந்தது. உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன்.

“அந்த ஆளைப்பத்தி எங்கிட்ட ஒருத்தரும் பேசப்பிடாது” என்று கதவைச் சாத்திவிட்டார்.

குடை ஆட்டோவில். ஆட்டோ டீ குடிக்கப் போயிருந்தது. கூரை நுனியில் ஒண்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். என் வாயை நானே வைதுகொண்டு நின்றேன். கதவு திறந்தது. “நனைஞ்சு சாவாதிய. உள்ள வந்து தொலைங்க, தம்பி” என்று ஒரு துண்டை வீசினார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் போய் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு கடிதம். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து, ஆனால் திருத்தமான கை. படித்தேன்.

‘அன்புள்ள ரோசம்மாளுக்கு, சவரிமுத்து எழுதிக்கொண்டது. எனக்கு முங்குகிற கப்பலில் குசினி வேலை கிடைத்திருக்கிறது. முங்கினாலும் எழும்பிவிடும், பயப்படவேண்டாம். இங்கே என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. துரைமார் எல்லாரும் குசினி குசினி என்கிறார்கள். பிள்ளை குப்புற விழுந்துவிட்டாளா என்று எழுது.’

அந்தப் பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

முத்தும் சங்கும் குளித்த கரை அது. அங்கே முங்குவது என்றால் ஒரே அர்த்தம்தான். சங்கு குளிக்கிற தோணியில் சமையலுக்குப் போயிருக்கிறான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கடிதம் நின்றுபோனதும் ரோசம்மாளின் அண்ணன் சங்குத் தோணிக்காரர்களை எல்லாம் விசாரித்திருக்கிறார். அந்த வருஷம் ஒரு தோணியும் கவிழவில்லை, ஒருத்தரும் சாகவில்லை. எல்லாரும் திரும்பி வந்து இவன் மட்டும் வரவில்லையென்றால் என்ன அர்த்தம்? தண்ணீருக்குள்ளேயே போகிற இரும்புக் கப்பல் ஒன்று உண்டு என்று அங்கே யாருக்குத் தெரியும்?

“எங்கம்மை சாவுத வரைக்கும் தாலியைக் கழத்தல” என்றார் செபஸ்தியம்மாள். “கழத்துனா புருசன் செத்தாம்னு ஆயிரும். போட்டிருந்தா ஓடிப்போனவன் பொண்டாட்டி. ரெண்டுல எது மேலுன்னு நீங்க சொல்லுங்க. பூசையில வருசா வருசம் அவிய பேரைக் குடுப்பா, ஊர் திரும்பணும்னு. பின்னால இருந்து சிரிப்பாளுவ. நான் சின்னப் பிள்ளை, எனக்குக் கேக்கும். என் கல்யாணத்துக்குப் பேச வந்தவன்லாம் அதைச் சொல்லியே எந்திரிச்சுப் போனான்.”

நான் எதற்கோ போனை நோண்டினேன். அப்போதுதான் மார்கரெட் அனுப்பிய நாற்பது பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தோராவது பக்கம் ஒரு தபால் உறை. கடற்படையிலிருந்து போனது. ‘எஸ். குசினியின் குடும்பத்தார், புன்னக்காயல்’ என்று விலாசம். குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் எங்கள் இலாகாவின் வாசகம்: அப்படி ஒருவரும் இல்லை.

எத்தனை ஆயிரம் உறையில் நானே அதை எழுதியிருப்பேன். எழுதி, திருப்பி அனுப்புகிற கட்டுக்குள் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொல்லிவிட்டேன். சாவுச் செய்தி வந்திருக்கிறது, பேர் தப்பாக இருந்ததால் திரும்பிப் போயிருக்கிறது.

“எந்த மூதேவி திருப்பி அனுப்புனான்?”

“எங்க ஆபீஸ்தாம்மா” என்றேன்.

வைவார் என்று இருந்தேன். வையவில்லை. “வெள்ளிக்கெழமை கல்லறைத் திருநாளு. செத்தவிய பேரு வாசிப்பாவள்லா, அதுல எங்கப்பா பேரை வாசிக்கணும். எனக்கு அது போதும். படம் கெடையாது. மாமா கிழிச்சுப் போட்டுட்டாவ” என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. கேட்டுவிட்டுப் பழைய பதிவுப் புத்தகத்தைப் பிரித்தார். “ஐயா, இங்கன ஞானஸ்நானப் பதிவுல சவரிமுத்துன்னு இருக்கு. நீங்க காட்டுத காயிதத்துல குசினின்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுன்னு இங்கிலாந்துக்காரங்க எழுதிக் குடுத்தா நான் பதிஞ்சுருவேன்.”

நியாயம்தானே என்று மார்கரெட்டுக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சியாம், கண்ணீர் வந்துவிட்டதாம். குழு கூடிப் பேசியிருக்கிறதாம். குசினியும் சவரிமுத்துவும் ஒருவரே என்று ஊர்க் கோயிலிலிருந்து எழுதிக் கொடுத்தால் உடனே மாற்றிவிடுவார்களாம்.

சாமியாரிடம் போனேன். அவர் சொன்னதையே சொன்னார். மார்கரெட்டுக்கு எழுதினேன். அவர் சொன்னதையே இன்னும் பணிவாகச் சொன்னார். இரண்டு பக்கமும் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் மனுஷன் யாரோடு சண்டை போடுவது? நடுவில் நான் ஆட்டோ தள்ளிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. “சாமி, எங்க இலாகாவுல ஒரு வழக்கம் உண்டு. மணியார்டர் வாங்க வந்தவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னா, இவரை எனக்குத் தெரியும்னு பக்கத்துல நிக்கவரு சாட்சி போடுவாரு. அது போதும். நான் போடுதேன், பேப்பரைக் குடுங்க” என்றேன்.

“ஒரு சாட்சி காணாதே, ஐயா” என்றார். ஆனால் சிரித்தார்.

ரெஜினாவுக்குப் போன் போட்டேன். அரை மணியில் மஞ்சள் கறையோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்து இறங்கினார். “அண்ணாச்சி, நான் அவரைப் பாத்ததே இல்லயே.”

“நானும்தான் பாத்ததில்ல. போடும்மா.”

கடிதத்தின் நகலை வைத்து, உறையின் நகலை வைத்து, இவரை எனக்குத் தெரியும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் செத்துப்போன மனுஷன். என் ஆயுசில் நான் போட்ட பொய்க் கையெழுத்து அது ஒன்றுதான். எழுதும்போது பொய்யாகவும் படவில்லை. சாமியார் முத்திரை குத்தினார். அதைப் படமெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினேன். பெயரை மாற்றிவிடுகிறோம், சட்டத்துக்குள் படத்துக்குப் பதிலாகக் கடிதத்தை வைக்கலாமா என்று மார்கரெட் கேட்டார். செபஸ்தியம்மாள் நகலை மட்டும் கொடுக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. ஒவ்வொரு கல்லறைக்கும் பூ, மெழுகுவர்த்தி. தூறல் விழுந்துகொண்டிருந்தது; ஏற்றுகிறார்கள், அணைகிறது, வைதுகொண்டே மறுபடி ஏற்றுகிறார்கள். உபதேசியார் ஒலிபெருக்கியில் செத்தவர்கள் பெயரை வாசிக்க ஆரம்பித்தார். அந்தோணி, அருளப்பன், இன்னாசி என்று கணீரென்று வந்துகொண்டிருந்த குரல், மைக் நனைந்ததால் கரகரத்து நின்றுபோனது. ஒருவர் வயரை ஆட்டினார். ஒருவர் மைக்கைத் தட்டினார். உபதேசியார் இதற்கெல்லாம் நிற்கவில்லை, வாயாலேயே வாசித்து முடித்துவிட்டார். முன்னால் நின்ற பத்துப் பேருக்குக் கேட்டிருந்தால் அதிகம்.

“வாசிச்சாச்சா?” என்றார் செபஸ்தியம்மாள்.

“வாசிச்சாச்சும்மா. வாய் அசைஞ்சதைப் பாத்தேன்” என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மூன்று நாள் அலைந்ததெல்லாம் ஒரு ஓட்டை மைக்குக்காகவா?

“எனக்குக் கேக்கலியே. ஒருத்தருக்கும் கேக்கலியே.”

என் கையிலிருந்த குடையைத் தள்ளிவிட்டுக் கல்லறைகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ரோசம்மாள் என்று மட்டும் எழுதிய கல்லுக்கு முன்னால் போய் நின்றார். குனியவில்லை, சிலுவை போடவில்லை. கருவாட்டுக் கூடையோடு தெருவில் கூவிய தொண்டை அது.

“யம்மா, அவிய ஓடிப்போவல. கப்பலோட முங்கிப் போயிட்டாவ. கடுதாசி வந்திருக்கு, நம்ம வீடு தெரியாமத் திரும்பிப் போயிருக்கு. ஓடிப்போவலம்மா.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், “பெரியம்மா, பைய பேசுங்க. செபம் நடக்கு” என்றாள்.

“எதுக்குப் பைய பேசணும்?” என்றார் செபஸ்தியம்மாள். “எங்கம்மையைப் பேசுனவிய எல்லாம் பையவா பேசுனாவ? அத்தனை பேரும் இங்கனதான் சுத்திப் படுத்துக் கெடக்காவ. அவியளுக்கும் கேக்கட்டும்.”